குடிக்காத குடும்பம் ஒயின் நாட்டுக்குப் போனால்

பிரான்ஸில் ஒயின் விளையும் பக்கம் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போங்கள் என்பேன். வீட்டில் யாருக்கும் குடிக்கிற பழக்கமே இல்லையா? அப்படியென்றால் கண்டிப்பாகப் போங்கள். ஒயின் பிரதேசம் என்றதும் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் கனவான்கள்தான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருகிறார்கள். நேரில் பார்த்தால் அது அசல் பட்டிக்காடு. விடிந்ததும் டிராக்டர் சத்தம். மதியமானால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போய்விடும். சாயங்காலம் பெரியவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாளைக்கு மழை வருமா என்று ஒருத்தரையொருத்தர் விசாரித்துக்கொள்வார்கள். குழந்தை குட்டியோடு சும்மா கிடந்துவிட்டு வர இதைவிட வேறென்ன வேண்டும்?

நாங்கள் போனது அல்சாஸ். பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில் வோஜ் மலைக்கும் ரைன் நதிக்கும் நடுவில் ஒடுக்கமாக நீளும் பகுதி. போர்தோ, பர்கண்டி என்று பெரிய பேர் எடுத்த இடங்கள் இருக்கும்போது இதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால், முதலாவது, ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் எங்களுக்குக் காரில் போய்விடுகிற தூரம். இரண்டாவது, ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவுக்குக் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். வாழ்நாள் முழுக்கப் பன்னீர் திராட்சையோடு மல்லுக்கட்டிய மனுஷன். அவரை ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தினால் பத்து நிமிஷம் பார்ப்பார். திராட்சைக் கொடிக்கு முன்னால் நிறுத்தினால் அரை நாள் நகரமாட்டார்.

அம்மாவுக்குத்தான் சம்மதமில்லை.

"வயசான காலத்துல எங்கள ஒயின்ஷாப்புக்கா கூட்டிட்டுப் போகப்போற?"

"நீ சும்மா இரு. அங்கிட்டும் தெராட்சை போட்டிருக்காய்ங்களாம். பாத்துட்டு வருவோம்" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினோம். ஜெர்மனிக்கு வாங்கிய ஷெங்கன் விசாவே பிரான்ஸுக்கும் செல்லும் என்பதால் பெற்றோருக்குத் தனியாக எதுவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஃப்ரைபுர்க் தாண்டி, பிரைசாக் என்ற இடத்தில் ரைன் பாலத்தைக் கடந்தால் பிரான்ஸ். அப்பா எட்டி எட்டிப் பார்த்தார். "என்னத்தா, ஒரு போலீஸக் காணோம்? நம்ம குமுளிலயே நாலு பேரு நிப்பாய்ங்களே!"

இந்த எல்லைக்காகச் சிந்திய ரத்தம் கொஞ்சநஞ்சமில்லை. 1871-இல் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது. 1918-இல் பிரான்ஸுக்குத் திரும்பியது. 1940-இல் ஹிட்லர் எடுத்துக்கொண்டார். 1945-இல் மறுபடி பிரான்ஸ். 1870-க்கு முன்னால் பிறந்து இரண்டாம் உலகப் போர் முடியும்வரை வாழ்ந்த ஒரு பாட்டி, வீட்டு வாசலைத் தாண்டாமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் ஜெர்மனில் இருக்க, பேக்கரியில் பிரெஞ்சு பேசுவது இதனால்தான். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. வயதானவர்கள் பலருக்கு ஜெர்மனும் வருகிறது. பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் மகளை நம்பியே எல்லாவற்றுக்கும் நிற்கவேண்டிய நிலைமை வரவில்லை.

தங்கியது ரிக்வீர் என்ற ஊருக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு திராட்சை விவசாயியின் வீட்டு மாடியில். பிரான்ஸில் ‘ஜீத்’ என்பார்கள். சமையலறையோடு முழு வீட்டையும் வாரக் கணக்கில் வாடகைக்குத் தருவது. கீழே பாதாள அறையில் ஒயின் பீப்பாய்கள், மேலே நாங்கள். அம்மா முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்து, கொண்டுபோன புளியில் ரசம் வைத்தார். அந்த வாசனை படியிறங்கிப் பாதாள அறைவரை போயிருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கூடை பிளம்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அம்மா அதில் தொக்குக் கிண்டி ஒரு கிண்ணம் கீழே அனுப்பினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனாலும் ஊர் திரும்பும்வரை இந்தப் பண்டமாற்று நிற்கவில்லை.

அல்சாஸில் ‘ஒயின் பாதை’ என்று ஒன்று இருக்கிறது. 1953-இல் திறந்தது. வடக்கே மார்லன்ஹைம் தொடங்கித் தெற்கே தான் என்ற ஊர்வரை, மலையடிவாரத்தை ஒட்டிச் சுமார் 170 கிலோமீட்டர். ரங்கமணி, அதாவது என் கணவர், வழக்கம்போல அட்டவணை போட்டு வைத்திருந்தார்: காலையில் இரண்டு ஊர், மதியம் இரண்டு ஊர். முதல் காலையிலேயே அது காலியாகிவிட்டது, காரணம் அப்பா. "நடந்துட்டு வாரேன்" என்று கிளம்பியவர் பத்து மணியாகியும் வரவில்லை. தேடிப் போனால் தோட்டத்துக்குள் வீட்டுக்காரரோடு நின்றுகொண்டிருக்கிறார். இவர் தேனித் தமிழ், அவர் அல்சாஸ் ஜெர்மன். இருவரும் ஒரு கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அட்டவணையை யாரும் எடுக்கவில்லை. நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

அப்பாவின் முதல் கேள்வி: "பந்தல் எங்க?"

கம்பத்தில் கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பிப் பந்தல் போட்டு, கொடியை அதில் படர விடுவார்கள். கீழே நிழலில் மனுஷன் நடக்கலாம். அங்கே வெயில் அதிகம், இலைதான் பழத்துக்குக் குடை. அல்சாஸில் தலைகீழ். வெயில் ஒவ்வொரு துளியும் கணக்கு. அதனால் சரிவான மலைப்பக்கத்தில் வரிசை வரிசையாகக் கம்பி கட்டி, கொடியைச் சுவர்போல நிமிர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் வெயில் படும், காற்றும் புகுந்து போகும்.

அடுத்தது மகசூல். கம்பத்தில் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து வருஷத்துக்கு இரண்டு மூன்று அறுப்பு எடுப்பார்கள். ஒரு தோட்டத்தில் பூ இருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் தொங்கும். இங்கே குளிர்காலத்தில் கொடி முழுக்க உறங்கிவிடும். வருஷத்துக்கு ஒரே அறுப்பு, அது ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கும். அந்த ஒன்றும் ஆலங்கட்டி மழையில் போய்விட்டால் அடுத்த வருஷம்தான். அதைக் கேட்டு அப்பா வருத்தமாக உச்சுக்கொட்டினார்.

தண்ணீர்? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வளர்ந்தவருக்கு நம்ப முடியவில்லை. பிரான்ஸில் ஊர்ப் பெயரைப் போட்டு விற்கும் தரமான ஒயினுக்கான தோட்டத்துக்குப் பாசனம் செய்ய விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை; கடும் வறட்சியில்தான் விலக்கு. வேர் ஆழமாக இறங்கித் தானே தேடிக்கொள்ள வேண்டும். அதோடு, ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவுக்கு மேல் விளைச்சல் எடுக்கக் கூடாது என்றும் கட்டுப்பாடு. கொத்து அதிகமாகப் பிடித்தால் கோடையிலேயே பச்சைக் காயாக வெட்டித் தரையில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. மிச்சமிருக்கும் பழத்தில் சாறு கெட்டியாக இறங்கும் என்பது கணக்கு.

"காய்ச்சத வெட்டிக் கீழ போடுறதா?" அப்பாவுக்குக் குரலே எழும்பவில்லை. "எடைக்கு விக்கிறவனுக்கு இது ஆகாது தாயி. இவரு ருசிக்கு விக்கிறாரு." அந்த ஒரு வரியில் பிரெஞ்சு ஒயின் சட்டத்தின் பாதியைச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி நிலம் பற்றியது. அல்சாஸில் ‘கிரான் க்ரூ’ என்று 51 நிலங்களைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1975-இல் முதலில் அந்தப் பெயர் பெற்றது கைசர்ஸ்பெர்க் பக்கத்திலுள்ள ஷ்லாஸ்பெர்க் மலைச்சரிவு. சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, அடியில் கருங்கல்லா சுண்ணாம்புக் கல்லா என்பதற்கெல்லாம் அங்கே விலை உண்டு.

ஓரிடத்தில் அப்பா ஓர் இலையைத் திருப்பி, அதில் படிந்திருந்த நீல வெள்ளைக் கறையை விரலால் தேய்த்தார். "மயில்துத்தம், சுண்ணாம்பு" என்றார் சட்டென்று. அடிச்சாம்பல் நோய்க்கு நம் ஊரிலும் அடிக்கிற அதே போர்டோ கலவை. இது பிறந்த கதையும் பிரான்ஸில்தான். 1878 வாக்கில் அமெரிக்காவிலிருந்து அந்த நோய் பிரெஞ்சுத் தோட்டங்களுக்குள் புகுந்தது. போர்தோ பக்கம் சாலையோரக் கொடிகளில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து அருவருப்பாக ஆக்கி வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மியார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885-இல் உலகத்துக்குச் சொன்னார். திருடனுக்குப் பயந்து செய்த வேலை, கம்பம் பள்ளத்தாக்குவரை வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் அப்பாதான் பிடித்தார். மேற்கே மலை, கிழக்கே தோட்டம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலை வாங்கிக்கொள்வதால், பக்கத்தில் இருக்கும் கொல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவமழையைக் கேரளப் பக்கம் இறக்கிவிட்டு நமக்கு மிச்சத்தை அனுப்பும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளுக்குத் திராட்சை எத்தனை நாள் தாங்கும்? அவர்களுக்கும் அல்சாஸில் ஏகப்பட்டது இருக்கிறது. பக்கத்து ஊரான ஹுனாவீரில் செங்கால் நாரைகளுக்கு ஒரு காப்பகம். அல்சாஸின் அடையாளமே கூரை மேல் கூடு கட்டும் இந்த நாரைதான். ஆனால் 1970-களில் அங்கே பத்து ஜோடிகூட மிஞ்சவில்லை. குளிருக்கு ஆப்பிரிக்கா போகும் வழியில் வறட்சி, மின்கம்பி என்று செத்துக்கொண்டிருந்தன. 1976-இல் தொடங்கிய இந்தக் காப்பகத்தில் குஞ்சுகளை முதல் மூன்று வருஷம் அடைத்து வளர்த்தார்கள். அதற்குள் வலசை போகும் வேகம் தணிந்து, அவை குளிரிலும் ஊரிலேயே தங்கிவிட்டன. இன்று வேண்டிய மட்டும் நாரைகள். சின்னவன், "அப்ப அதுக்குப் பாட்டி ஊரே மறந்துபோச்சா?" என்று கேட்டான். ஜெர்மனியில் பிறந்த பிள்ளையின் வாயிலிருந்து வந்த கேள்வி. தாத்தா சிரித்தார், நான் நாரையைப் பார்த்தேன்.

ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டைக்கும் போனோம். 700 மீட்டருக்கு மேல் உயரத்தில், காட்டின் உச்சியில் நிற்கும் கோட்டை. முப்பதாண்டுப் போரில் எரிந்து பாழாய்க் கிடந்ததை, அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்தபோது இரண்டாம் வில்ஹெல்ம் மன்னர் 1900 முதல் 1908 வரை திருப்பிக் கட்டினார். பத்து வருஷத்தில் அது பிரான்ஸ் கைக்குப் போய்விட்டது. பீரங்கி மேடையிலிருந்து பார்த்தால் கீழே திராட்சைத் தோட்டம், அப்பால் ரைன் சமவெளி, அதற்கும் அப்பால் நாங்கள் வந்த ஜெர்மனிப் பக்கத்துக் கருங்காடு. வாண்டுகளுக்குப் பீரங்கி போதும். மூட்டுவலிக்காரர்கள் படிக்கட்டை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அம்மா கீழ் முற்றத்தோடு நின்றுகொண்டார்.

கொல்மாருக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். ‘குட்டி வெனிஸ்’ என்று கால்வாயோரம் ஒரு தெரு இருக்கிறது. எல்லோரும் அங்கேதான் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள். அமெரிக்கச் சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்த்தோல்தி பிறந்தது இந்த ஊரில், 1834-இல். ஊரின் வடக்கு நுழைவில் அந்தச் சிலையின் 12 மீட்டர் நகலே நிற்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது உண்டர்லிண்டன் அருங்காட்சியகம். அங்கே இசன்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது. மத்தியாஸ் க்ரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் வரைந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடம்பு முழுக்கப் புண். பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

அது வரையப்பட்டது ஒரு மடத்து மருத்துவமனைக்காக. ரை என்ற தானியத்தில் ஒரு பூஞ்சணம் பிடித்து, அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கைகால் எரிந்து அழுகிப்போகும். அந்தோணியார் நெருப்பு என்று பெயர். அந்த நோயாளிகள் படுத்துக்கொண்டு பார்க்க, தங்களைப் போலவே புண்பட்ட ஒரு கடவுள். இதை நான் சொன்னதும் அப்பா, "கம்புல தேன் ஒழுகல் வருமே, அந்த மாதிரியா?" என்றார். அதே குடும்பத்துப் பூஞ்சணம்தான். என் தாத்தா காலத்தில் கம்பு விதையை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதை அள்ளிக் கொட்டிவிட்டு விதைப்பார்களாம். ஓவியத்துக்கு முன்னால் இருந்த பெஞ்சில் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அருங்காட்சியகம் என்றால் அரை மணியில் சலித்துப்போகிற மனுஷன்.

சரி, ஒயினுக்கு வருவோம். எங்கள் வீட்டில் ரங்கமணி மட்டும் எப்போதாவது தொடுவார். வீட்டுக்காரர் ஒருநாள் மாலை எல்லோரையும் கீழே கூப்பிட்டார். சுவைத்துப் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு: சில்வனேர், ரீஸ்லிங் என்று இனிப்பில்லாததில் தொடங்கி, மஸ்கா, பினோ க்ரீ, ரோஜா மணக்கும் கெவுர்ஸ்ட்ராமினேர் என்று போய், கடைசியில் காலம் கடந்து பறித்த பழத்தின் இனிப்பு ஒயின். ஒவ்வொன்றிலும் ஒரு வாய். துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, அது முறைதான். பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு வந்தது. எங்களை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை, ஒரு வாய் குடித்தால் என்ன என்று வற்புறுத்தவும் இல்லை.

அப்பா எதையும் தொடவில்லை. மஸ்கா வந்தபோது மட்டும், "மோந்து பாக்குறதுல என்ன வந்துச்சு" என்று கோப்பையை வாங்கினார். முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். "இது நம்ம பன்னீருத் தெராட்சை வாசம்ல!" உண்மைதான். நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம், மஸ்கா வம்சத்துப் பிள்ளை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊர்ப் பெயரும் பழமும் ஒன்று என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாப்பாட்டில் பன்றி புகாத இடமில்லை. தார்த் ஃப்ளாம்பே என்று மெல்லிய ரொட்டி மாவில் பாலாடையும் வெங்காயமும் பரப்பிச் சுடுவார்கள். அருமையாக இருக்கும், ஆனால் வழக்கமாகப் பன்றித் துண்டு போட்டிருக்கும். காளான் போட்டதும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி இரவு ஏழுக்குத்தான். மூன்று மணிக்குச் சாப்பிடும் நம் வழக்கம் அங்கே செல்லாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. ஜெர்மன் காலத்துச் சட்டம் அல்சாஸில் இன்னும் இருப்பதால் மற்ற பிரான்ஸைவிடக் கறார். சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிடுங்கள். ரிக்வீர், எகிசைம் மாதிரி அழகான ஊர்களில் பகலில் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் நெரியும். ஆறு மணிக்கு மேல் போனால் தெருவே உங்களுக்குத்தான். தோட்டங்களுக்கு நடுவே நடக்கப் பாதைகள் உண்டு. அறுவடை நெருங்கும்போது சிலவற்றை மூடிவிடுவார்கள். திறந்திருந்தாலும் ஒரு பழம்கூடப் பறிக்கக் கூடாது. அது ஒருத்தருடைய வருஷச் சம்பாத்தியம்.

முக்கியமாக, ஒரே ஊரில் தங்குங்கள். ஒயின் பாதை முழுவதையும் காரில் ஓட்டி முடிப்பதில் எந்தச் சுகமும் இல்லை. எல்லா ஊரிலும் அதே மரச்சட்ட வீடும் அதே ஜெரேனியப் பூவும்தான் என்று மூன்றாவது ஊரிலேயே தோன்றிவிடும். தங்கினால்தான் மனுஷர்கள் தெரிவார்கள். விவசாயி வீட்டிலேயே அறை கிடைத்தால் விடாதீர்கள்.

ஐரோப்பாவில் இருக்கும் நாமெல்லாம் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை பாரிஸ், ரோம், சுவிஸ் பனிமலை என்று பம்பரமாகச் சுற்றவைத்துக் களைத்துப்போக வைக்கிறோம். அவர்கள் என்ன வேலை செய்து நம்மைப் படிக்க வைத்தார்களோ, அந்த வேலை நடக்கும் ஓர் ஊருக்கு ஒருமுறை கூட்டிப்போய்ப் பாருங்கள். நெசவாளியானால் லியோன் பட்டுத்தறி, மீனவரானால் பிரித்தானி துறைமுகம், திராட்சை விவசாயியானால் அல்சாஸ். அங்கே அவர்கள்தான் நமக்கு வழிகாட்டி.